டின் எண்: புது டைரக்டர்கள் சறுக்கும் இடங்கள்

கம்பெனி டைரக்டர்களுக்கு அரசு தரும் அடையாள எண்தான் டின். அதற்கான விண்ணப்பத்தில் பிறந்த தேதியைத் தப்பாக அடிப்பது, மங்கலான ஆதார் நகலை ஏற்றுவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவற்றை எப்படியும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். யாரும் திருப்பி அனுப்பாத தவறுகள்தான் பின்னால் காசைக் கரைக்கின்றன. கோவை, திருப்பூர் பக்கம் புதிதாகக் கம்பெனி தொடங்குகிறவர்கள், முன்பு நாங்கள் எல்லாரும் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆடிட்டர் ஆபீஸ் நம்பரைக் கொடுப்பது

டின் என்கிற 8 இலக்க எண் ஆளுக்குச் சொந்தம், ஆயுள் முழுக்க ஒன்றுதான். எத்தனை கம்பெனி மாறினாலும் அது கூடவே வரும். அதனால்தான் டின் வைத்திருப்பவரின் விவரங்களை உறுதிசெய்யும் கேஒய்சி படிவத்தில் சொந்தக் கைப்பேசி எண்ணையும் சொந்த மின்னஞ்சலையும் கேட்கிறார்கள். நம் ஆட்களோ, "ஓடிபி தொல்லையெல்லாம் எதுக்குங்க, நீங்களே பாத்துக்கோங்க" என்று ஆடிட்டர் ஆபீஸ் நம்பரையே போட்டுவிடச் சொல்கிறார்கள். ஆபீஸ்காரர்களுக்கும் அது வசதி. இரண்டு பக்கமும் சேர்ந்து செய்யும் இந்தச் சோம்பேறித்தனத்தைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வரும்.

திருப்பூரில் பிரிண்டிங் யூனிட் நடத்தும் ஒரு தம்பதி. இருவர் மட்டுமே டைரக்டர்கள். இருவருடைய டின்னிலும் இருந்தது ஆடிட்டர் ஆபீஸ் பையன்கள் வைத்திருந்த சிம். பையன்கள் வேலையை விட்டுப் போனார்கள், சிம்மும் போனது. கேஒய்சி நினைவூட்டல்கள் யாரும் திறக்காத மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அப்போதிருந்த செப்டம்பர் 30 கெடு தாண்டியதும் இரண்டு டின்னும் முடங்கின. இவர்களுக்குத் தெரியாது. லோன் கேட்டுப் போனபோது பேங்க் மேனேஜர் திரையைத் திருப்பிக் காட்டித்தான் தெரிந்தது.

தலைக்கு 5,000 ரூபாய் கட்டணம் கட்டி டின்னை மீட்டுவிடலாம். அது பெரிய விஷயமில்லை. டின் முடங்கினால் கையெழுத்து செல்லாது. அதனால் கம்பெனி ஆண்டுதோறும் போட வேண்டிய கணக்குப் படிவம் ஏஓசி-4, ஆண்டறிக்கைப் படிவம் எம்ஜிடி-7 இரண்டும் நின்றுபோயிருந்தன. படிவம் ஒன்றுக்கு நாளுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம், உச்சவரம்பே கிடையாது. நம்பர் மாறிவிட்டதால் கேஒய்சிக்கு அப்போதிருந்த சுருக்கமான வெப் படிவமும் எடுபடவில்லை. முழுப் படிவம் போட வேண்டியிருந்தது, அதற்கு டிஎஸ்சி என்கிற டிஜிட்டல் கையெழுத்து தேவைப்பட்டது, அதுவும் காலாவதி. லோன் அந்த சீசனுக்குக் கிடைக்கவில்லை.

இந்த ஆண்டுப் படிவங்களை இப்படியே மூன்று வருடம் போடாமல் விட்டால் கம்பெனிகள் சட்டத்தின் 164(2) பிரிவு வரும்: ஐந்து ஆண்டு டைரக்டர் தகுதி போய்விடும். 2017-ல் நாடு முழுக்க 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படித் தகுதி இழந்தார்கள். தகுதி இழந்த காரணத்துக்காக டின்னை முடக்க ஆர்ஓசிக்கு (கம்பெனிப் பதிவாளருக்கு) அதிகாரம் இல்லை என்று 2020-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது உண்மைதான். சிலர் அதைப் பிடித்துக்கொண்டு தைரியமாக இருக்கிறார்கள். கேஒய்சி செய்யாமல் முடங்குவது வேறு கதை, அது விதியிலேயே இருக்கிறது.

கேஒய்சி கெடு தேதியை எம்சிஏ (கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய பட்டியலை நம்ப வேண்டாம்.

இனிஷியல்

பான் கார்டில் பெயர் எப்படி விரித்து எழுதியிருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். ஆதாரில் "கே. முருகேசன்", பானில் "முருகேசன் கந்தசாமி" என்றிருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். கல்யாணமான பெண்களும் தந்தை பெயரைத்தான் எழுத வேண்டும், கணவர் பெயரை அல்ல.

இரண்டாவது டின்

கூடாது, 155-வது பிரிவு. பத்து வருடத்துக்கு முன் மாமா கம்பெனியில் பெயருக்கு டைரக்டராகப் போட்டிருந்தார்களா என்று வீட்டில் ஒருமுறை கேளுங்கள். மறந்துபோய் இன்னொன்று வாங்கியிருந்தால் டிஐஆர்-5 படிவம் போட்டு ஒன்றை ஒப்படைக்க வேண்டும். அபராதம் 50,000 ரூபாய் வரை போகலாம்.

நாலாவது டைரக்டர்

கம்பெனி பதிவுப் படிவத்திலேயே புது டின் மூன்று பேருக்குத்தான் கிடைக்கும். டின் இல்லாத நாலாவது ஆளைப் பதிவு முடிந்தபின், போர்டு தீர்மானத்தோடு டிஐஆர்-3 படிவம் போட்டு டின் வாங்கிச் சேர்க்கலாம்.

ராஜினாமா செய்துவிட்டேனே?

டின் உயிரோடுதான் இருக்கிறது. கேஒய்சியும் உண்டு.