மேக்ரோவைக் காணோம் என்று ஆட்டோகான்ஃப் சொன்னால் எங்கே தேடுவது?

கிட்டிலிருந்து மூல நிரலை இறக்கி ஆட்டோரீகான்ஃபை (ஆட்டோகான்ஃப், ஏக்லோக்கல் போன்ற கருவிகளை வரிசையாக ஓட்டி கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கும் கட்டளை) ஓட்டியதும் "பாசிப்ளி அன்டிஃபைன்ட் மேக்ரோ" என்று நின்றுவிடுகிறதா? அதே நிரல் இன்னொரு கணினியில் சிக்கலின்றி பில்ட் ஆனால் நிரலைச் சந்தேகிக்க வேண்டாம். அங்கே இருக்கும் ஒரு எம்4 கோப்பு உங்களிடம் இல்லை; மேக்ரோக்கள், அதாவது எழுதிய இடத்தில் நிரல் துண்டாக விரியும் பெயர்கள், வரையறுக்கப்படுவது அதில்தான். அல்லது இருந்தும், அந்தக் கோப்புகளைத் தேடித் திரட்டும் ஏக்லோக்கலின் கண்ணில் படவில்லை.

மென்பொருளை நிறுவினால் போதும் என்பவர்கள் வெளியீட்டு டார் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில், கணினியைச் சோதித்து பில்டுக்குத் தயார் செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் தயாராகவே இருக்கும்.

படி 1: உண்மையில் எந்த மேக்ரோ இல்லை?

பிழைச் செய்தியில் வரும் பெயரை அப்படியே நம்பாதீர்கள். ஏசி_எம்எஸ்ஜி_எரர் இல்லை என்று பார்த்து, ஒரு மாலை முழுவதும் ஆட்டோகான்ஃபைத் திரும்பத் திரும்ப நிறுவியிருக்கிறேன். அது ஆட்டோகான்ஃபின் சொந்த மேக்ரோ, காணாமல் போகவே முடியாது. அதைத் தன் அடைப்புக்குள் வைத்திருந்த பிகேஜி_செக்_மாட்யூல்ஸ்தான் இல்லை. வெளியே இருப்பது விரியாததால் உள்ளே இருப்பதும் விரியாமல் கிடந்தது.

ஏன் வெளியே இருப்பதைச் சொல்லவில்லை? ஏசி_, ஏஎம்_ போன்ற முன்னொட்டுடன் விரியாமல் மிஞ்சும் பெயர்களைத்தான் ஆட்டோகான்ஃப் பிடிக்கும். பிகேஜி_, ஏஎக்ஸ்_ என்று தொடங்குபவை நழுவி கான்ஃபிகருக்குள் போய்விடும். அதை ஓட்டும்போது ஷெல் "சின்டாக்ஸ் எரர்" என்று கத்தும். அந்த வரி எண்ணுக்குப் போய்ப் பாருங்கள், மேக்ரோவின் பெயர் பச்சையாக நிற்கும்.

படி 2: அது எந்தப் பேக்கேஜில் வருகிறது?

பிகேஜி_ என்றால் பிகேஜி-கான்ஃபிக் அல்லது பிகேஜிகான்ஃப். எல்டி_இனிட், ஏசி_புரோக்_லிப்டூல் இரண்டும் லிப்டூல். ஏஎக்ஸ்_ பெரும்பாலும் ஆட்டோகான்ஃப்-ஆர்கைவ். ஏஎம்_குனூ_கெட்டெக்ஸ்ட் என்றால் ஃபெடோராவில் கெட்டெக்ஸ்ட்-டெவல். டெபியனில் கெட்டெக்ஸ்டோடு ஆட்டோபாயின்ட்டும் தேவைப்படும்.

படி 3: நிறுவியும் தெரியவில்லையா?

புதியவர்கள் அதிகம் திணறும் இடம் இது. கீழே உள்ளதை ஓட்டுங்கள்:

ஏக்லோக்கல் --பிரிண்ட்-ஏசி-டிர்

வரும் கோப்புறையில் உங்கள் எம்4 கோப்பு இருக்கிறதா? ஏக்லோக்கல் இடம்பெறும் ஆட்டோமேக்கை நீங்களே கம்பைல் செய்து /யுஎஸ்ஆர்/லோக்கலில் வைத்திருந்தால், அது அங்கே உள்ள ஷேர்/ஏக்லோக்கலைத்தான் பார்க்கும். டிஸ்ட்ரோவின் கோப்புகளோ /யுஎஸ்ஆர்/ஷேர்/ஏக்லோக்கலில் கிடக்கும். கோப்பு இருக்கும் கோப்புறையை ஏக்லோக்கல்_பாத் என்ற சூழல் மாறியில் கொடுத்துவிடுங்கள். மேக்கிலும் இதே குழப்பம் வரும்: ஹோம்புரூ ஆப்பிள் சிலிக்கானில் /ஆப்ட்/ஹோம்புரூவிலும் இன்டெலில் /யுஎஸ்ஆர்/லோக்கலிலும் நிறுவுகிறது.

மேக்ரோ திட்டத்தின் சொந்த எம்4 கோப்புறையில் இருந்தால், கான்ஃபிகர் ஸ்கிரிப்டின் மூலமான கான்ஃபிகர்.ஏசியில் ஏசி_கான்ஃபிக்_மேக்ரோ_டிர்ஸ் அதைச் சுட்டுகிறதா என்று பாருங்கள்.

படி 4: பழையதைத் துடைத்து மீண்டும் ஓட்டுதல்

ஏக்லோக்கல்.எம்4 கோப்பையும் ஆட்டம்4டிஇ.கேஷ் கோப்புறையையும் நீக்கிவிட்டு:

ஆட்டோரீகான்ஃப் --ஃபோர்ஸ் --இன்ஸ்டால்

பிழைச் செய்தியே எம்4_பேட்டர்ன்_அலோவைப் பயன்படுத்தச் சொல்லும். காணாமல் போன மேக்ரோவுக்கு அதைச் செய்யாதீர்கள். அது எச்சரிக்கையை மட்டும் அடக்கும், கான்ஃபிகர் உடைந்தே இருக்கும்.

திட்டம் உங்களுடையது என்றால், எம்4_இஃப்என்டெஃப் கொண்டு பிகேஜி_செக்_மாட்யூல்ஸ் இருக்கிறதா என்று சோதித்து, இல்லாவிட்டால் எம்4_ஃபேட்டல் வழியாக "பிகேஜி-கான்ஃபிக்கை நிறுவுங்கள்" என்று சொல்ல வையுங்கள். கான்ஃபிகர்.ஏசியில் ஒரே வரிதான்.