வெளிநாட்டுப் போதகரைச் சேகரத்துக்கு அழைக்கும்போது

வெளிநாட்டிலிருந்து ஒரு குருவானவர் நம் சபைகளில் பிரசங்கிக்க வருகிறார் என்றால், மாலைக்கும் பொன்னாடைக்கும் சொல்லி அனுப்புவதற்கு முன்பாகச் சேகர கமிட்டி (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் நிர்வாகக் குழு) கேட்க வேண்டியது, அவர் எந்த விசாவில் வருகிறார் என்பதே. சுற்றுலா விசாவில் வருகிறவர் ஆராதனையில் கலந்துகொள்ளத் தடையில்லை. ஆனால் ஆலயத்தில் பிரசங்கிப்பதற்கோ துண்டுப்பிரதிகள் கொடுப்பதற்கோ அந்த விசா இடம் தராது. ஊழியத்துக்கென்று மிஷனரி விசா தனியாக இருக்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நம் ஊர்ப் பிள்ளையே ஓ.சி.ஐ. அட்டையுடன் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வந்தாலும், மிஷனரிப் பணிக்குச் சிறப்பு அனுமதி தேவை என்று 2021 மார்ச்சில் வெளியான மத்திய அரசின் அறிவிக்கை கூறுகிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையானால், விருந்தினரின் திருச்சபைப் பின்னணியைக் குறிப்பிட்டுப் பேராயரிடமும் எழுத்து மூலம் அனுமதி பெற்றுவிடுங்கள்.

விருந்தினரைக் குருமனையிலேயே தங்கவைத்தாலும், அவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு இணையம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். ‘சி படிவம்’ என்று வெகுகாலமாக அறியப்பட்ட இந்தப் பதிவு தங்கவைப்பவரின் கடமை. விருந்தினரின் கடமை அன்று.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகு, அந்த வருகை சபைக்குப் பயன்படுமா என்பது பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் கையில்தான் இருக்கிறது. ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர் என்பதற்காக ஒருவரை மேடையேற்றிவிடாமல், வேதவசனங்களை நம் சபையார் மனப்பாடமாக அறிந்திருக்கும் சொற்களிலேயே சொல்லக்கூடிய, பிரசங்க அனுபவமுள்ள ஒருவரைத் தேடுங்கள். வசனங்களின் பட்டியலையும் செய்தியின் சுருக்கத்தையும் முன்கூட்டியே வாங்கி, முந்தின நாள் மாலையில் இருவரும் ஒரு மணி நேரமாவது சேர்ந்து உட்கார ஏற்பாடு செய்யுங்கள். அப்போது போதகரிடம் இரண்டு காரியங்களைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில் வருவதால், வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினால் மொழிபெயர்ப்பவர் வாய் திறக்க முடியாது. ஆகவே சின்னச் சின்ன வாக்கியங்களை முழுமையாகச் சொல்லி நிறுத்த வேண்டும். அடுத்து, 40 நிமிடம் கொடுத்திருந்தால் அவருக்குக் கிடைப்பது 20 நிமிடமே. அவருடைய நாட்டின் விளையாட்டு, அரசியல் சார்ந்த உதாரணங்களை அந்த அமர்விலேயே மாற்றிக்கொள்வது நல்லது. மேடையில் அவற்றுக்கு விளக்கம் சொல்லப் புகுந்தால் செய்தி நின்றுவிடும்.

ஆலயத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றுவதையும், பெண் விருந்தினரானால் முக்காடு இடுவதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், வாசலில் வந்து தயங்க நேராது. ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு சபைகளுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். சேகரத்தின் எல்லாச் சிற்றூர்களும் அவரைக் கேட்க விரும்பும் என்பது உண்மைதான். ஆனாலும் வெயிலில் ஊர் ஊராக அலைக்கழிக்கப்பட்டவர் கடைசிச் சபைக்குக் களைப்பை மட்டுமே கொண்டுபோவார். வரவேற்புரைகளை ஒருவரோடு முடித்துக்கொண்டு, அந்த நேரத்தை ஆராதனைக்குப் பிறகு சபையார் அவரோடு பேசுவதற்கு ஒதுக்குங்கள். மூடி பிரிக்காத தண்ணீர்ப் போத்தலும், காரம் குறைத்த உணவும் அவர் போகும் இடமெல்லாம் இருக்கட்டும்.

ஆலயக் கட்டடத்துக்கோ ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கோ உதவ அவர் முன்வந்தால், பணத்தைக் கையில் வாங்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடையை 2010ஆம் ஆண்டின் எப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புகள் மட்டுமே பெறலாம். அதுவும் முதலில் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கே வர வேண்டும். உங்கள் சபைக்கு அந்தப் பதிவு இல்லையென்றால், அவரைப் பேராயரின் நிர்வாகத்திலுள்ள திருமண்டல அலுவலகத்திடம் அனுப்பிவையுங்கள்.