கூத்துப் பதிவைப் பென்டிரைவில் விற்பது எப்படி?

பென்னாகரம் பக்கம் மாமாவின் ஜமா (தெருக்கூத்துக் குழு) எங்கே ஆடினாலும் முன்வரிசையில் பத்து செல்போன் நீண்டிருக்கும். மறுநாளே யூடியூபில் கரகர சத்தத்தோடு கூத்து ஏறிவிடும். சரி, நாமே ஒழுங்காகப் பதிந்து விற்போம் என்று இறங்கினேன்.

முதலில் அனுமதி. ஜமாவை நடத்தும் வாத்தியார் தலையாட்டினால் மட்டும் போதாது. முகவீணை என்ற குழல் ஊதுபவர், தாளக்காரர் உட்பட எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மேடையில் நிகழ்த்துபவருக்குச் சட்டத்தில் தனி உரிமை உண்டு. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் நடுவில் சினிமாப் பாட்டை எடுத்துவிட்டிருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிடுங்கள்.

பதிவுக்குத் தனி ரெக்கார்டர்தான், செல்போன் வேண்டவே வேண்டாம். மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து வரும் வயர் லைன் உள்ளீட்டில் போக வேண்டும். மைக் உள்ளீட்டில் குத்தினால் விடிய விடிய கொரகொரதான். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ வேவ் (சுருக்காத ஒலிக் கோப்பு) என்றால் மணிக்கு 1 ஜிபிக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். எட்டு மணி நேரக் கூத்துக்கு 16 ஜிபி கார்டு தாராளம். அடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளில் காட்சி காட்சியாக வெட்டி எம்பி3 ஆக்கிக்கொள்ளுங்கள்.

நான் கவிழ்ந்த இடம் இதற்கு அப்புறம்தான். முதலில் விற்றதில் பாதி பென்டிரைவ் திரும்பி வந்தது. ஒருவர் தன் டெம்போவில் போட்டே காட்டினார். தமிழில் வைத்த பெயரெல்லாம் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. வரிசையும் தலைகீழ்: துரியோதனன் படுகளத்தில் செத்து முடிந்த பிறகு சகுனி பகடை உருட்டுகிறான்! பல வண்டி செட்டுகள் பெயரைப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை, முதலில் காப்பியானதை முதலில் பாடும். முதலில் பென்டிரைவை ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறை என்றால் பழைய செட்டுகள் தொடாது. கோப்புக்கு 01, 02 என்று எண் மட்டும் போதும். வரிசை மாறாமல் இருக்க, மொத்தமாக இழுத்துப் போடாமல் ஒவ்வொன்றாகக் காப்பி செய்யுங்கள். காட்சிப் பெயர்களைத் துண்டுச் சீட்டில் அச்சடித்துக் கூடவே கொடுத்துவிடலாம்.

ஓசூர், பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள் ஜிபேயில் பணம் போட்டால் கூகுள் டிரைவில் கொடுக்கிறேன். வாங்கியவரின் ஜிமெயிலுக்கு மட்டும் அனுமதி. பொது இணைப்பு கொடுத்தால் ஊர் வாட்ஸப் குழுவில்தான் போய் நிற்கும்.

பின்சேர்க்கை: மேக்கில் காப்பி செய்த ஒருவர், ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் செட்டு திக்குகிறது என்றார். மேக் தானாகப் போட்டுவைக்கும், புள்ளியில் தொடங்கும் குட்டிக் கோப்புகள்தான் காரணம். அவற்றை அழித்ததும் சரியாகிவிட்டது.