மோசின்-நாகந்த் துப்பாக்கியின் உண்மையான வயது

பழைய மோசின்-நாகந்த் என்ற ரஷ்ய இராணுவத் துப்பாக்கியை வாங்குமுன், குழலின் மேல் பொறித்துள்ள ஆண்டோடு நின்றுவிடாமல், குண்டு இல்லை என்பதை உறுதிசெய்து, வளையங்களையும் இரண்டு திருகுகளையும் கழற்றி, மரக்கட்டையிலிருந்து பிரித்து, ரிசீவரின் (குழல் பொருந்தியிருக்கும் உலோக உடலின்) பின்பக்க வால்பகுதியின் அடியில் உள்ள ஆண்டையும் பார்த்துவிடுங்கள். மேலே தெரிவது குழல் செய்யப்பட்ட ஆண்டு மட்டுமே. பின்லாந்து இராணுவம் ஜார் காலத்து ரிசீவர்களில் புதுக் குழல்களைப் பொருத்தியதால், கட்டத்துக்குள் ‘எஸ்ஏ’ என்ற உடைமை முத்திரையுடன் 1942 என்று காட்டும், எம்39 எனும் பின்லாந்து வகைத் துப்பாக்கி ஒன்றின் ரிசீவர் 1896-இல் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். அங்கே முதல் இலக்கத்தை விட்டு 896 என்று மட்டும் பொறித்திருப்பதும் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ரிசீவர் 1898 வரை செய்யப்பட்ட துப்பாக்கிகளைத் தொன்மைப் பொருளாகவே கருதுவதால், அந்நாட்டுச் சேகரிப்பாளருக்கு இது விலையையும் ஆவண வேலையையும் மாற்றக்கூடிய செய்தி.

சோவியத் காலத்தில் தயாராகிக் குழல் மாற்றப்படாத 91/30 என்ற மோசின்-நாகந்த் வகையில் இரண்டு ஆண்டுகளும் பெரும்பாலும் ஒத்தே இருக்கும் என்பதால், அதைப் பிரித்துப் பார்ப்பதில் பெரிய பயனில்லை. போல்ட்டிலும் (குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) குண்டுப்பெட்டியின் அடித்தகட்டிலும் உள்ள எண்களும் இதற்கு உதவா. பழுதுபார்ப்புக் கூடங்கள் பழைய எண்ணை அழித்துக் குழலின் எண்ணையே அவற்றில் பொறித்துவிடுவது வழக்கம்.