பைத்தான் தேதியை ஜேசனாக மாற்றுவது எப்படி?

பைத்தான் நிரல்மொழியில் ஓர் அகராதியை, அதாவது சாவியும் மதிப்புமான தொகுப்பை, ஜேசன் என்ற தரவுப் பரிமாற்ற வடிவத்துக்கு மாற்ற ஒரு வரி போதும்: ஜேசன் மாட்யூலை இம்போர்ட் செய்து, அதன் டம்ப்ஸ் ஃபங்ஷனிடம் அகராதியைக் கொடுத்தால் முடிந்தது. உள்ளே ஒரு தேதி இருந்தால் மட்டும் டைப்எரர் என்ற வகைப் பிழை வந்து நிற்கும். ஜேசனுக்குத் தெரிந்தவை சரம், எண், பட்டியல், பெயரும் மதிப்புமான தொகுப்பு, ட்ரூ, ஃபால்ஸ், மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் நல் ஆகியவைதாம். தேதியை எப்படி எழுதுவது என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

ஒரு நூலகப் பதிவை வைத்துப் பார்ப்போம். அதில் நூலின் பெயர், திருப்ப வேண்டிய நாள், தாமதக் கட்டணம் இருக்கின்றன. நாள் டேட் என்ற தேதி வகை, கட்டணம் டெசிமல் என்ற துல்லியமான தசம எண் வகை.

படி 1: ஒரே ஒரு பொருளை வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன் ஒன்றை எழுதுங்கள். 'மாற்று' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

படி 2: வந்த பொருள் எந்த வகை என்று ஐஸ்இன்ஸ்டன்ஸ் கொண்டு சோதியுங்கள். டேட் என்றால், தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதும் ஐசோஃபார்மட் தரும் சரத்தை ரிட்டர்ன் செய்யுங்கள். நேரமும் சேர்ந்த டேட்டைம் என்பது டேட்டின் துணை வகுப்பு, எனவே இரண்டுக்கும் ஒரே சோதனை போதும். டெசிமலையும் சரமாக்கிவிடுங்கள். அதை ஃப்ளோட் என்ற வழக்கமான தசம எண் வகையாக்கக் கை துடிக்கும், வேண்டாம். ஃப்ளோட்டில் 0.1-உம் 0.2-உம் சேர்ந்தால் 0.30000000000000004 என்று வரும். பணக் கணக்கில் அதை அனுமதிக்கக் கூடாது.

படி 3: வேறு எந்த வகை வந்தாலும் டைப்எரரை ரெய்ஸ் செய்வதே கடைசி வரியாக இருக்கட்டும். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை விட்டேன். எதையும் ரிட்டர்ன் செய்யாத ஃபங்ஷன், பைத்தானில் 'ஒன்றுமில்லை' என்பதைக் குறிக்கும் நன் என்ற மதிப்பைத் தரும். ஜேசனில் அது நல் ஆகிவிடும். பிறகு பதிவில் உறுப்பினர் அடையாளமாக யூயூஐடி என்ற தனித்த அடையாள எண் வகை சேர்ந்தபோது பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. கோப்பு அழகாக உருவானது. திறந்து பார்த்தால், ஒவ்வோர் உறுப்பினரின் அடையாளமும் இருக்க வேண்டிய இடத்தில் நல், நல், நல். ஒரு பிழைச் செய்தி வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் வேலைக்கு மூன்று நாள் ஆனது.

படி 4: டம்ப்ஸை அழைக்கும்போது டிஃபால்ட் என்ற ஆர்கியுமென்டுக்கு 'மாற்று' என்ற பெயரை மட்டும் கொடுங்கள், பின்னால் அடைப்புக்குறி வேண்டாம். கூடவே, ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைக் குறியீடாக மாற்றும் என்ஷுர்_ஆஸ்கி என்பதற்கு ஃபால்ஸ் கொடுங்கள். கொடுக்காவிட்டால் 'தமிழ்' என்ற ஒரு சொல்லே பின்சாய்கோடும் எண்களுமாக 30 குறிகளுக்கு நீளும். கணினிக்கு அதில் சிரமமில்லை, நம் கண்ணுக்குத்தான் தமிழ் மறைந்துவிடும்.

கிடைப்பது இப்படி இருக்கும்:

{"நூல்": "தமிழ் அகராதி", "திருப்பும் நாள்": "2025-03-14", "கட்டணம்": "2.50"}

டிஃபால்ட் என்பது மதிப்புகளுக்கு மட்டுமே வேலை செய்யும். அகராதியின் சாவியாகவே தேதி இருந்தால் பழைய டைப்எரர் மறுபடி வரும், அதை முன்கூட்டியே சரமாக்கிக்கொள்ளுங்கள். ஜேசனைப் படிக்கும் லோட்ஸ் ஃபங்ஷன் கொண்டு திரும்பப் படிக்கும்போது நாளும் கட்டணமும் சரமாகவே வந்து சேரும். திருப்பும் நாளை டேட் வகுப்பின் ஃப்ரம்ஐசோஃபார்மட்டிடமும் கட்டணத்தை டெசிமலிடமும் கொடுத்தால் பழைய வகைக்கே திரும்பிவிடும்.