தேக்காவில் கடை எடுத்தாச்சா? பெயின்ட் வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

சாவி கைக்கு வந்த அன்றே பலர் செய்யும் முதல் தவறு, வேறு ஏதோ ஊரில் இருக்கும் கடையின் படத்தைக் கைப்பேசியில் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்று கான்ட்ராக்டரிடம் சொல்வதுதான். நம் சிங்கப்பூரிலோ காற்றில் எப்போதும் ஈரம், ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாள் மழை.

சுவரிலிருந்து தொடங்குவோம். தேக்காவின் பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சுமாகக் கட்டியவை. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் அந்தப் பூச்சு வழியாகத்தான் வெளியே போகும். அதன்மேல் பளபளப்பான எமல்ஷன் பெயின்டை இரண்டு கோட் அடித்து அடைத்துவிட்டால், சில மாதத்தில் முட்டிக்கால் உயரத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். விரலால் அழுத்திப் பாருங்கள், தோல் உரிந்து உள்ளே வெள்ளை உப்பும் மணலுமாகக் கொட்டும். அப்புறம் அதை மறைக்க சிமென்ட் பூசுவார்கள், ஈரம் இன்னும் மேலே ஏறும். ஈரத்தை வெளியே விடும் பெயின்ட் கேட்டு வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை.

அடுத்து, கடை வாசல். ஐந்தடி நடைபாதை 1822ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்திலிருந்தே வருகிற வழி, வெயில் மழை படாமல் மக்கள் நடப்பதற்காக. அங்கே கண்ணாடி மாதிரி பாலிஷ் டைல்ஸ் போடுவதை என்னால் ஏற்கவே முடியாது. சாரல் அடித்த மாலையில், ஒரு கையில் பூவும் இன்னொரு கையில் காய்கறிப் பையுமாக ரப்பர் செருப்பில் வரும் பாட்டியை நினைத்துப் பாருங்கள். ஒரு டைலை வாங்கி வந்து தண்ணீர் ஊற்றி, அதே மாதிரிச் செருப்போடு நீங்களே மிதித்துப் பார்த்துவிட்டு மீதியை ஆர்டர் செய்யுங்கள்.

முகப்பில் கை வைக்கும் முன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதியைப் பாருங்கள். தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம், பெயர்ப்பலகைக்குக்கூட விதி உண்டு. வேறு இடத்தில் புதுக் கட்டடம் என்றால், வெளிச்சுவரில் ஒட்டும் அலுமினியப் பலகையின் தீப்பாதுகாப்புச் சான்றைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 2017இல் தோ குவான் சாலைத் தீயில் ஓர் உயிர் போனது, அங்கே பொருத்தியிருந்த பலகைகள் விதிப்படியானவை இல்லை.

கல்லாப்பெட்டி மேசையை மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையில் செய்தால் தினமும் மாப் போடுகிற தண்ணீரில் அடிப்பக்கம் ஊறி உப்பிவிடும். ஈரம் தாங்கும் பிளைவுட், அடியில் நாலு விரல் உயரத்துக்கு ஸ்டீல் கால். அவ்வளவுதான்.

விளக்கு விஷயத்தில்தான் எனக்கு மனசு பொறுக்காது. துணிக்கடையில் மலிவான எல்இடி போட்டால், உள்ளே மயில் கழுத்து நிறமாகத் தெரிந்த பட்டு வாசலுக்குக் கொண்டுபோனால் வெறும் பச்சை. அதனால்தான் அக்காமார் புடவையைத் தோளில் போட்டபடி வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு, "வேணாம் தம்பி" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் எண்தான் சிஆர்ஐ; பெட்டியில் அது 90க்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஒரே ஒரு விளக்கு வாங்கி, அதன் கீழே ஒரு பட்டுப் புடவையை விரித்துப் பார்த்து, அதையே வாசலிலும் பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால் மற்றதை வாங்குங்கள்.