ஒரே கேபிளில் இரு கணினிகளை இணைத்துக் கோப்புகளை மாற்றுதல்

பழைய கணினியிலுள்ள படங்களையும் காணொளிகளையும் புதிய கணினிக்கு மாற்றப் பென்டிரைவை மாற்றி மாற்றிச் செருக வேண்டியதில்லை. இரண்டிலும் ஈதர்நெட் போர்ட் (நெட்வொர்க் கேபிளைச் செருகும் துளை) இருந்தால், மோடத்துடன் வரும் சாதாரண நெட்வொர்க் கேபிளே போதுமானது. முன்பு இதற்கு, அனுப்பும் கம்பிகளும் பெறும் கம்பிகளும் இடம் மாற்றி இணைக்கப்பட்ட கிராஸ்ஓவர் கேபிள் தேவைப்பட்டது. இன்றைய கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட் வேக) போர்ட்டுகள் அந்த இடமாற்றத்தைத் தாமே செய்துகொள்கின்றன.

கேபிளைச் செருகியபின், விண்டோஸின் நெட்வொர்க் அமைப்புகளில் ஈதர்நெட்டுக்குரிய ஐபி முகவரியை ஒரு கணினியில் 192.168.50.1 என்றும், மற்றதில் 192.168.50.2 என்றும், சப்நெட் மாஸ்க்கை இரண்டிலும் 255.255.255.0 என்றும் அமைத்து, கேட்வே கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். (வீட்டு வைஃபையின் ஐபி முகவரியும் 192.168.50 என்றே தொடங்கினால் 50க்குப் பதிலாக வேறு எண்ணைக் கொடுங்கள்.) பிறகு முதல் கணினியில் கோப்புப் பகிர்வை இயக்கி, வேண்டிய ஃபோல்டரை மட்டும் பகிர்ந்து, மற்றதன் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் முகவரிப் பட்டையில் \\192.168.50.1 எனத் தட்டினால் அது திறக்கும். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் முதல் கணினிக்குரியவற்றையே தர வேண்டும். விண்டோஸில் உள்நுழையப் பயன்படுத்தும் நான்கு இலக்க PIN எண் இங்கே செல்லாது. ஃபோல்டர் திறக்காவிட்டால், பெரும்பாலும் அந்த இணைப்பு 'பொது' நெட்வொர்க்காகப் பதிவாகியிருப்பதால் ஃபயர்வால் தடுத்திருக்கும். அதைத் 'தனிப்பட்டது' என மாற்றுங்கள்.

கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேலும் வேகம் கிடைக்கலாம் என்றாலும், பழைய ஹார்ட் டிஸ்க்கோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளோ அதைக் குறைத்துவிடும். இரு முனையும் ஒரேமாதிரியான சாதாரண யுஎஸ்பி ஏ கேபிளால் கணினிகளை இணைக்க முயல வேண்டாம், போர்ட்டுகள் பழுதாகக்கூடும். வேலை முடிந்ததும் பகிர்வை நீக்கி, ஐபி அமைப்பைத் தானியங்கி நிலைக்கே மாற்றிவிடுங்கள்.